அடுப்பங்கரையில் எழுத்துக் கற்ற அம்மையார்

வங்க மொழியில் தன் வரலாற்றை முதன்முதலாக முழு நூலாக எழுதி வெளியிட்டவர் ஒரு பெண்மணி. அவர் கல்கத்தாவின் சீர்திருத்தக் குடும்பம் எதிலும் பிறந்தவர் அல்லர். ஆங்கிலம் பயின்றவர் அல்லர். பள்ளிக்கூடத்தில் பெயர் பதிந்து படித்தவரும் அல்லர். கிழக்கு வங்காளத்தின் ஒரு கிராமத்தில் 12 பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, நாள்தோறும் ஏறக்குறைய 25 பேருக்குச் சமைத்துப் போட்ட குடும்பத் தலைவி. ராஸசுந்தரி தேவி என்பது அவர் பெயர். அவர் எழுதிய நூல் 'அமார் ஜீவன்'; 'என் வாழ்க்கை' என்று பொருள்.

வரலாற்றுப் பாடநூல்களில் இடம் பெற்றதன் மூலம் இந்த அம்மையாரின் பெயர் வங்காளத்துக்கு வெளியிலும் பரவியது. சமையலறையில் ஒளிந்து படிக்கக் கற்றுக்கொண்டவர் என்று ஓரிரு வரிகளில் பாடநூல்கள் அவரைக் குறிப்பிடுகின்றன. அந்த ஓரிரு வரிகளில் அடங்காத செய்தி ஒன்று உண்டு. அம்மையார் படிக்கக் கற்றுக்கொண்டது சுமார் 25 வயதில். எழுதக் கற்றுக்கொண்டதோ ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு. இடையில் கால் நூற்றாண்டு ஓடிப் போயிற்று. இவ்வளவு அறிவும் ஆவலும் கொண்ட ஒருவருக்கு இத்தனை ஆண்டுகள் ஏன் தேவைப்பட்டன என்பதை அறிந்தால்தான் அவருடைய சாதனையின் முழு அளவு விளங்கும்.

வெளிக்கட்டுப் பள்ளிக்கூடம்

பாப்னா மாவட்டத்தைச் சேர்ந்த போதாஜியா என்ற கிராமத்தில் 1810ஆம் ஆண்டையொட்டி ராஸசுந்தரி பிறந்தார். இன்று அது வங்க தேசத்தில் உள்ள ஊர். வசதியுள்ள குடும்பம். தந்தை பத்மலோசன் ராய், குழந்தைக்கு விவரம் தெரியும் முன்பே காலமாகிவிட்டார். தாயே வளர்த்தார். மிகவும் பயந்த சுபாவம் உள்ள பெண்ணாக இருந்தபடியால், அச்சம் ஏற்படும்போதெல்லாம் குலதெய்வமான தயாமாதவரை அழைக்கும்படி தாய் சொல்லிக் கொடுத்தார். அந்தப் பழக்கம் கடைசி வரை அவரை விட்டு நீங்கவில்லை.

வீட்டின் வெளிக்கட்டில் ஆண் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளிக்கூடம் நடந்து வந்தது. வெள்ளைக்கார அம்மாள் ஒருவர் அங்கே பாடம் சொல்லிக் கொடுத்தார். மற்றக் குழந்தைகள் ராஸசுந்தரியைச் சீண்டி அழவைத்து வந்ததால், பாதுகாப்பான இடம் என்று எண்ணி அவரைக் கொண்டுபோய் அந்தப் பள்ளியில் உட்கார வைத்தார்கள். அப்போது அவருக்கு எட்டு வயது. படிப்பதற்காக அல்ல, சும்மா உட்கார்ந்திருப்பதற்காக! பையன்கள் தரையில் எழுத்துக்களை எழுதி உரக்கச் சொல்லுவார்கள். சிறுமி வாய் திறவாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்தின் வடிவமும் ஒலியும் அவள் நெஞ்சில் பதிந்துபோயின. அப்படிப் பதிந்தது யாருக்கும் தெரியாது.

பத்து வயதானபோது வீட்டில் தீப்பிடித்து எல்லாம் எரிந்து போயிற்று. அத்துடன் பள்ளிக்கூடமும் முடிந்தது. சுமார் இரண்டு ஆண்டுகள் ஒரு மூலையில் உட்கார்ந்து கேட்டதுதான் அவர் பெற்ற பள்ளிப் படிப்பு முழுவதும்.

கூண்டுப் பறவை

12 வயதில் பரீத்பூர்ப் பகுதியைச் சேர்ந்த ராம்தியா கிராமத்தில் திருமணம் ஆயிற்று. கணவர் சீதாநாத் நிலபுலன் உள்ளவர். ஊரில் மதிப்புப் பெற்றவர். தாயைப் பிரிந்து படகில் ஏற்றப்பட்டபோது தாம் அடைந்த துயரத்தைப் பலியிடக் கொண்டு செல்லப்படும் ஆட்டின் நிலைக்கு ஒப்பிட்டுப் பின்னாளில் அம்மையார் எழுதினார். புகுந்த வீட்டு வாழ்வைக் கூண்டுப் பறவையின் வாழ்வு என்று குறிப்பிட்டார். இத்தனைக்கும் அந்த வீட்டில் யாரும் அவரைக் கொடுமைப்படுத்தவில்லை. மாமியார் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அன்பு காட்டியவர். கொடுமை என்று சுட்டிக்காட்ட ஒருவரும் இல்லாத வீட்டிலும் பெண்ணுக்குத் தன் விருப்பம் என்று ஒன்று இருக்க வழியில்லாமல் இருந்தது. இதை அம்மையார் நூலில் காணும்போதுதான் அக்காலத்து நிலை சரியாக விளங்குகிறது.

சில ஆண்டுகளில் மாமியார் நோயுற்றுக் கண் பார்வையை இழந்தார். குடும்பப் பொறுப்பு முழுவதும் இன்னும் சிறுமியாகவே இருந்த மருமகளின் தலையில் விழுந்தது. வேலைக்காரிகள் பலர் இருந்தனர். ஆனால் அவர்கள் வெளிவேலை செய்பவர்கள். அடுப்படிக்குள் ராஸசுந்தரி ஒருவரே. இரண்டு வேளையும் ஏறக்குறைய 25 பேருக்கு உலை வைக்க வேண்டும். தெய்வத்துக்கு நைவேத்தியம், விருந்தினருக்கு உபசாரம், மாமியாருக்குப் பணிவிடை எல்லாம் அதற்கு மேல். பொழுது விடியுமுன் தொடங்கும் வேலை நள்ளிரவுக்குப் பின்னரே ஓயும்.

18 வயதில் முதல் குழந்தை பிறந்தது. கடைசிக் குழந்தை பிறந்தபோது வயது 41. இந்த 23 ஆண்டுகளில் 12 பிரசவங்கள். ஒரு சமயம் தொடர்ந்து இரண்டு நாட்கள் அம்மையார் வாயில் ஒரு பருக்கைச் சோறு படவில்லை. சாப்பிட உட்காரும் வேளையில் விருந்தாளி வந்துவிட்டார். தம் சோற்றை அவருக்குக் கொடுத்தார். இரவு உட்கார்ந்தால் பிள்ளை எழுந்து அழுதது. காற்றில் விளக்கு அணைந்தது. மறுநாளும் இப்படியே ஒன்று மாற்றி ஒன்று. சமைத்தவர் சாப்பிட்டாரா என்று அந்தப் பெரிய வீட்டில் எவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அவரும் சொல்லவில்லை.

வீட்டு மருமகள் மார்பு வரை முக்காடிட்டிருக்க வேண்டும். யாருடனும் வாய்விட்டுப் பேசக் கூடாது. அந்தக் கனத்த முக்காட்டுக்குள்ளிருந்து தம் காலடியைத் தவிர வேறொன்றும் தெரியாது என்றும், கண் கட்டிய செக்கு மாட்டைப் போல் இருந்ததாகவும் அம்மையார் எழுதியுள்ளார். கணவருக்கு ஜயஹரி என்ற குதிரை ஒன்று உண்டு. ஒரு நாள் அது முற்றத்தில் வந்து நின்று, குவித்திருந்த நெல்லைத் தின்னத் தொடங்கியது. கணவருடைய குதிரையின் முன்னால் எப்படிப் போவது என்று நாணி அம்மையார் உள்ளே ஒளிந்துகொண்டார்! பிற்காலத்தில் இதை நினைத்து அவரே சிரித்திருக்கிறார்.

ஒரு தாளும் ஓர் ஓலையும்

படிக்க வேண்டும் என்ற ஆசை 14 வயதிலேயே அவருக்கு வந்துவிட்டது. புராணங்களைத் தாமே படிக்க வேண்டும் என்பதுதான் அந்த ஆசை. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லும் காலமா அது? பெண்கள் படிக்கிறார்களாம், கலி முற்றிவிட்டது என்று பெரியவர்கள் கூடிப் பேசுவது முக்காட்டுக்குள் இருந்த அவர் காதில் விழும். எழுத்தறிந்த பெண் விதவையாவாள் என்ற நம்பிக்கை அந்நாளைய வங்காளத்தில் வேரூன்றி இருந்தது. 1835 முதல் 1838 வரை வங்காளத்தின் கல்வி நிலையை ஆராய்ந்து அறிக்கைகள் எழுதிய வில்லியம் ஆடம் என்பவரும் இந்த நம்பிக்கையைக் குறித்து வைத்திருக்கிறார். ராஸசுந்தரி படிக்கக் கற்றதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். கல்கத்தாவில் பெதூன் பெண்கள் பள்ளி தோன்றியது 1849இல். அப்போது அம்மையாருக்கு வயது நாற்பதை நெருங்கியிருந்தது.

ஆசையை வெளியிட முடியாமல் தம்மையே நொந்துகொண்டு நாட்களைக் கழித்த அவருக்கு ஓர் இரவு ஒரு கனவு வந்தது. சைதன்ய மகாப்பிரபுவின் வரலாற்றைக் கூறும் 'சைதன்ய பாகவதம்' என்ற நூலைத் தாம் படித்துக்கொண்டிருப்பதாகக் கனவு கண்டார். அந்தச் சுவடியை அதற்கு முன் கண்ணால் பார்த்ததும் இல்லை. கனவின் மகிழ்ச்சி நீங்காமல் அவர் சமைத்துக்கொண்டிருந்தபோது, கணவர் அங்கே வந்து, எட்டு வயது மூத்த மகன் பிபினிடம் ஒரு சுவடியைக் கொடுத்து, பிறகு கேட்கும்போது எடுத்துத் தரும்படி சொல்லிச் சென்றார். அது அதே சைதன்ய பாகவதம்! கனவும் நனவும் இப்படிப் பொருந்தியதைத் தெய்வ அருள் என்றே அம்மையார் கடைசி வரை நம்பினார்.

மரப்பலகை அட்டையில் படம் தீட்டிய சுவடி அது. உள்ளே தாள்கள் தைக்கப்படாமல் தனித்தனியாக அடுக்கி இருந்தன. அம்மையார் ஒரு தாளை மட்டும் மெல்ல உருவி அடுப்படியில் ஒளித்து வைத்தார். மகன் எழுதிப் பழகிய பனையோலை ஒன்றையும் எடுத்து ஒளித்து வைத்துக்கொண்டார். தாளில் உள்ள எழுத்தையும், ஓலையில் உள்ள எழுத்தையும், சிறு வயதில் வெளிக்கட்டில் பார்த்து நினைவில் நின்ற எழுத்தையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கினார். வலது கை சோற்றைக் கிளறும். தாள் இடது கையில் முக்காட்டுக்குள் இருக்கும். ஆனால் உட்கார்ந்து பார்க்கும் நேரம் என்று ஒன்று கிடையாது. இப்படியே நெடுநாள் முயன்று எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டார். அன்று அவரைப் பார்த்த எவருக்கும் அடுப்பைக் கவனிக்கும் மருமகளாகத்தான் அவர் தெரிந்திருப்பார்.

பின்னர் விதவைகளான நாத்தனார்கள் அந்த வீட்டுக்கே வந்து தங்கினார்கள். அவர்களுக்குத் தெரிந்தால் என்ன ஆகுமோ என்ற அச்சத்தில், வேலைக்காரியைக் காவலுக்கு நிறுத்திவிட்டு ஒதுக்குப்புறமாகப் போய்ப் படித்தார். ஒரு நாள் குட்டு வெளிப்பட்டது. நடந்ததோ எதிர்பாராதது. நாத்தனார்கள் மகிழ்ந்து போனார்கள். அவர்களில் இருவர் அம்மையாரிடமே எழுத்துக் கற்கத் தொடங்கினார்கள். மற்றவர் உட்கார்ந்து கேட்டார். இத்தனை ஆண்டுகள் பயந்தது இவர்களுக்காகவா என்று அம்மையாருக்கு வியப்பு. ஒரே ஆசையை ஒவ்வொரு பெண்ணும் தனித்தனியே மறைத்து வைத்துக்கொண்டு, ஒருவரையொருவர் அஞ்சி வாழ்ந்த வீடு அது.

எழுத்துக்கு வேண்டிய இடம்

வீட்டில் இருந்த வைணவச் சுவடிகள், புராணங்கள் எல்லாவற்றையும் அம்மையார் படித்து முடித்தார். ஆயினும் எழுதத் தெரியாது. காரணத்தை அவரே தெளிவாகக் கூறியிருக்கிறார். படிப்பதற்கு ஒரு தாள் போதும். அதை முந்தானையில் மறைக்கலாம். ஒரு கண் அடுப்பில் இருக்க மறு கண்ணால் பார்க்கலாம். எழுதுவதோ அப்படி அல்ல. காகிதம் வேண்டும், பேனா வேண்டும், மை வேண்டும், மைக்கூடு வேண்டும். இவற்றை எல்லாம் எதிரில் பரப்பிக்கொண்டு ஓர் இடத்தில் உட்கார வேண்டும். 25 பேர் வந்து போகும் வீட்டில் ஒரு மருமகள் அப்படி உட்கார்ந்தால் அது ஊருக்கெல்லாம் தெரிந்த செய்தியாகிவிடும். படிப்பைத் திருடலாம், எழுத்தைத் திருட முடியாது.

இங்கிலாந்தின் நாவலாசிரியை வெர்ஜீனியா உல்ப் 1929இல் வெளியிட்ட புகழ் பெற்ற நூல் ஒன்றில், புனைகதை எழுத விரும்பும் பெண்ணுக்குச் சொந்த வருமானமும் தாளிட்டுக்கொள்ளக் கூடிய தனி அறையும் வேண்டும் என்று வாதிட்டார். ராஸசுந்தரி வாழ்ந்த வீட்டில் அறைகளுக்குப் பஞ்சமில்லை. அவருக்கென்று ஓர் அறை, அவருக்கென்று ஒரு நாழிகை, இரண்டும்தான் இல்லை. அம்மையாரின் காலத்திலேயே கல்கத்தாவில் சில பெண்கள் எழுதத் தொடங்கிவிட்டார்கள். 1863இல் இந்துப் பெண்களின் நிலையைப் பற்றி நூல் வெளியிட்ட கைலாஸபாசினி தேவி அவர்களில் ஒருவர். அவருக்குக் கணவரே ஆசிரியராக அமைந்தார். ராஸசுந்தரிக்கு அப்படி யாரும் அமையவில்லை.

இடமும் நேரமும் இல்லாததன் கொடுமை எழுத்தோடு நிற்கவில்லை. தாய் மரணப் படுக்கையில் இருந்தபோதும் அம்மையாரால் போய்ப் பார்க்க முடியவில்லை. வீட்டுப் பொறுப்பை விட்டு அனுப்ப ஆளில்லை. மகனாகப் பிறந்திருந்தால் எங்கிருந்தாலும் பறந்து போயிருப்பேனே என்று அவர் கலங்கி எழுதிய பகுதி, நூலிலேயே மிகவும் உருக்கமானது.

கிருஷ்ணநகரில் கிடைத்த ஓய்வு

பிள்ளைகள் வளர்ந்து படிக்கவும் உத்தியோகத்துக்கும் வெளியூர் சென்றனர். ஏழாவது மகன் கிஷோரிலால் கல்கத்தாவில் படித்துக்கொண்டிருந்தார். தாம் எழுதும் கடிதங்களுக்குத் தாயிடமிருந்து பதில் வரவில்லையே என்பது அவருக்குக் குறை. ஊருக்கு வந்த சமயம் காகிதம், பேனா, மைக்கூடு எல்லாவற்றையும் தாயின் முன் வைத்துப் பதில் எழுதியே ஆக வேண்டும் என்று வற்புறுத்திவிட்டுப் போனார். அம்மையாருக்குத் தர்மசங்கடம். பழையபடி அடுப்படியில் ஒளித்துச் செய்யக் கூடிய காரியமா இது?

இந்நிலையில் கணவருக்கு உடல்நலம் குன்றியது. சிகிச்சைக்காக, மற்றொரு மகன் துவாரகாநாத் இருந்த கிருஷ்ணநகருக்கு இருவரும் சென்று தங்கினார்கள். கிராமத்து வீட்டின் கூட்டமும் வேலையும் அங்கே இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக உட்கார ஓர் இடமும் சிறிது நேரமும் கிடைத்தன. அங்கேதான் அவர் எழுதக் கற்றுக்கொண்டார். படிக்கக் கற்ற நாளிலிருந்து காத்திருந்த ஒன்று, அடுப்படியை விட்டு வெளியேறியதும் கைகூடிவிட்டது. அறிவுக் குறைவோ சோம்பலோ அதுவரை தடையாக இருக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

'அமார் ஜீவன்'

59ஆம் வயதில் அம்மையார் கணவரை இழந்தார். அக்கால வழக்கப்படி தலை மழிக்கப்பட்டது. அந்தத் துன்பத்தை மரணத்தினும் கொடியதாக அவர் உணர்ந்தார். வாழ்க்கை முடிந்துவிட்டது என்று ஊர் கருதிய அந்தப் பருவத்தில்தான் தம் வாழ்க்கையை எழுதினார். நூல் 1876இல் வெளிவந்ததாகப் பாடநூல்கள் குறிக்கின்றன. 88 வயதில், இரண்டாம் பகுதியும் சேர்த்து மீண்டும் வெளியிட்டார். பகுதி ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் இறைவனை நோக்கிய ஒரு செய்யுள். நடை எளிய உரைநடை. பெரிய மனிதர்களோ பெரிய நிகழ்ச்சிகளோ அதில் இல்லை. சமைத்தது, பெற்றது, இழந்தது, படித்தது, இவ்வளவுதான். கணவரின் பெருந்தன்மையைப் போற்றும் பகுதி ஒன்று உண்டு. ஆனால் அதற்கு ஒதுக்கிய பக்கங்கள் சிலவே. எழுத்துக் கற்ற கதைக்கு அவர் தந்த இடம் அதைவிடப் பெரிது.

மகாகவி ரவீந்திரநாத தாகூரின் தமையனார் ஜோதிரிந்திரநாத் தாகூர் இந்நூலுக்கு முன்னுரை வழங்கினார். சிறப்பான இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டே படிக்கத் தொடங்கியதாகவும், முடிக்கும்போது புத்தகம் முழுவதும் பென்சில் குறிகளாகவே இருந்ததாகவும் அவர் அதில் தெரிவித்தார். வங்க இலக்கிய வரலாறு எழுதிய தினேஷ் சந்திர சென்னும் இந்நூலைப் பாராட்டினார்; பழைய வங்காளத்துப் பெண்களின் வாழ்க்கையை இதுபோல் காட்டும் நூல் வேறில்லை என்பது அவர் கருத்து.

முதுமையில் எழுதிய பகுதியிலும் அம்மையாரிடம் கசப்பு மிகுதியாக இல்லை. எல்லாம் தயாமாதவனின் செயல் என்பதே அவர் நம்பிக்கை. அதே சமயம், பெண்ணாய்ப் பிறந்ததனால் படிப்பு மறுக்கப்பட்டதை அவர் ஒரு நாளும் நியாயம் என்று ஒப்புக்கொள்ளவில்லை. தம் காலத்துக்குப் பின் வந்த பெண்கள் வெளிப்படையாகப் படிப்பதைக் கண்டு மகிழ்ந்தார். ஒரு தாளைத் திருடிப் படிக்க நேர்ந்த தம் நிலை அவர்களுக்கு இல்லையே என்ற நிறைவு அது.

1899இல் ராஸசுந்தரி தேவி மறைந்தார். ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டு வாழ்வில் அவர் எழுதி வெளியிட்ட நூல் ஒன்றே ஒன்று. உட்கார இடம் 25 வயதிலேயே கிடைத்திருந்தால் எத்தனை நூல்கள் வந்திருக்கும் என்று கணக்கிட வழியில்லை. ஆனால் அந்த ஒரு நூல் வந்தபடியால்தான், எழுதாமலே மறைந்துபோன எண்ணற்ற பெண்கள் எங்கே நின்றார்கள், எதற்காகக் காத்திருந்தார்கள் என்பதைப் பின்வந்தோர் அறிய முடிகிறது.